சிம் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்

லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் இயங்காது, அதனால் அங்கே ஜிபிஎஸ்ஸும் வழி காட்டாது, சிம் போட்டு இயக்கும் வழிகாட்டிக் கருவியைத்தான் பைக்குக்கு வாங்க வேண்டும் என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். சிம் பற்றிய பகுதி சரி. மற்றது சரியல்ல, நண்பர்களே.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கருவி அதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். திருப்பி எதையும் அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இணையம் தேவைப்படுவது வரைபடத்துக்கும் போக்குவரத்து நெரிசல் தகவலுக்கும்தான். வரைபடத்தை முன்கூட்டியே கருவியில் ஏற்றிக்கொள்ளலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் ஊர் வரைபடத்தை போனில் பதிவிறக்கிக்கொண்டு ஃப்ளைட் மோடுக்கு மாற்றுங்கள். வைஃபை அணைந்திருக்கட்டும், லொகேஷன் மட்டும் இயங்கட்டும். திறந்த வெளியில் சிறிது தூரம் நடந்தால் நீலப்புள்ளி உங்களோடு நகரும். முதல் முறை ஒரு நிமிடமோ கூடுதலாகவோ ஆகலாம், பொறுத்திருங்கள். இடத்தைக் கணக்கிடத் தேவைப்படும் செயற்கைக்கோளின் பாதை விவரம் 30 விநாடிக்கு ஒருமுறைதான் முழுதாக ஒலிபரப்பாகிறது. இணையம் இருக்கும்போது போன் அதை நெட்வொர்க்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான் பலர் கருவி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சிம் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.