எட்டு நாள் வாரம் உள்ள ஊர்

போன வாரம் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது பேச்சு எப்படியோ பாலஸ்தீனம் பக்கம் போய்விட்டது. கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், நல்ல மனிதர், நிறைய வாசிப்பவரும்கூட, "வெறும் மணலுக்கு எதுக்குப்பா இத்தனை வருஷமா வெட்டிக்கிறாங்க" என்றார். சுற்றி நின்ற யாரும் மறுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டிவியில் நாம் பார்ப்பதெல்லாம் இடிந்த கான்கிரீட், புழுதி, ஆம்புலன்ஸ், ஓடும் ஜனங்கள். அந்த மண்ணில் விளையும் ஒரு கத்தரித் தோட்டத்தை யாராவது நமக்குக் காட்டியிருக்கிறார்களா?

அதனால் இன்றைக்கு ஒரே ஒரு ஊரைப் பற்றி எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பேர் பத்தீர். ஜெருசலேமுக்குத் தென்மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர், பெத்லகேமுக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டர். மக்கள்தொகை சில ஆயிரம்தான். மணல் கிடையாது, மலை. சுண்ணாம்புக்கல் மலை. ஜெருசலேம் பகுதியில் வருடத்துக்குச் சுமார் 550 மி.மீ. மழை பெய்கிறது, அத்தனையும் குளிர்கால மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும், அப்புறம் கோடை முழுக்க ஒரு சொட்டு இருக்காது. ஆனால் சுண்ணாம்புக்கல் மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். குடித்த தண்ணீர் கீழே இறங்கி, இறுகிய களிமண் அடுக்கில் முட்டி, அதற்குமேல் இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து மலைச்சரிவில் ஊற்றாக வெளியே வரும். பத்தீரில் அப்படிப் பல ஊற்றுகள். ஊர் அங்கே அமைந்ததற்கு அதுதான் காரணம். பின்னால் அந்த ஊருக்கு நேர்ந்த நல்லது கெட்டதில் பாதிக்கும் அதுதான் காரணம், வரிசையாகச் சொல்கிறேன்.

சரிவான மலையில் தண்ணீர் இருந்து என்ன பயன்? மண் நிற்க வேண்டுமே. அதற்காகக் கல்லை அடுக்கிப் படிப்படியாகச் சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னால் மண்ணை நிரப்பி, மலையையே மாடிப்படி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தோ சிமென்ட்டோ இல்லாத வெறும் கற்கட்டு. இடுக்கு வழியாக மிகைத்தண்ணீர் வடிந்துவிடும் என்பதால் மண் ஊறிச் சுவரைத் தள்ளாது. ஆனால் ஒரு குளிர்காலத்தில் பத்துக் கல் சரிந்தால் அதை எடுத்து வைக்க ஆள் வேண்டும். எடுத்து வைக்காவிட்டால் அடுத்த மழையில் அந்தப் படி முழுதும் போகும், அதற்கடுத்து அதன் கீழ்ப்படி. ஆள் இல்லாவிட்டால் சில வருடங்களில் மலை பழையபடி மலையாகிவிடும். ஊற்றுக்குக் கிட்டே இருக்கும் படிகளில் காய்கறி. தள்ளி இருப்பது மானாவாரி: ஒலிவம், திராட்சை, வாதுமை. பத்தீர் கத்தரிக்காய்க்கு அந்த வட்டாரத்தில் தனிப்பேர் உண்டு. உள்ளே குடைந்து அரிசியும் கறியும் அடைத்துச் சமைப்பார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஊற்று நீர் ரோமானியர் காலத்துக் கல்தொட்டி ஒன்றில் சேர்கிறது. ஊரில் முக்கியமான குடும்ப வகையறாக்கள் எட்டு. ஆளுக்கு ஒரு நாள் முறைத்தண்ணீர். அதனால் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று ஒரு பேச்சே உண்டு. தொட்டிக்குள் ஒரு குச்சியை இறக்கி, எவ்வளவு ஆழம் தண்ணீர் இருக்கிறது என்று அளந்து, அன்றைய முறைக்காரக் குடும்பத்துக்குள் பங்கு பிரித்து, மடையைத் திறந்துவிடுவார்கள்.

முதலில் இது எனக்கு ஒரு வேடிக்கையான தகவலாகத்தான் பட்டது. அப்புறம் ஒரு நாள் பேருந்தில் உட்கார்ந்து சும்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வாரம் ஏழு நாள், முறை எட்டு நாள். ஆக இந்த வாரம் வெள்ளிக்கிழமை முறை வந்தவனுக்கு அடுத்த முறை சனிக்கிழமை, அதற்கடுத்து ஞாயிறு. 56 நாளில் எல்லாக் குடும்பத்துக்கும் எல்லாக் கிழமையும் ஒருமுறை வந்துவிடும். தொழுகை நாளான வெள்ளியன்று தண்ணீர் பாய்ச்சும் தொல்லை ஒரே வீட்டின் தலையில் காலத்துக்கும் விழாது. யாராவது உட்கார்ந்து யோசித்துச் செய்தார்களா, எட்டு வகையறா இருந்ததால் தானாக அமைந்ததா, எப்படியானாலும் இதைவிட நேர்த்தியான பங்கீட்டை எந்த ஆணையம் உட்கார்ந்து போட முடியும் என்று தெரியவில்லை.

சரி, வரலாறு. பத்தீரை ஒட்டிய குன்றில் ஒரு பழைய கோட்டையின் சிதிலம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அரபியில் அதற்கு வைத்திருக்கும் பேர் கிர்பத் அல்-யஹூத், யூதர்களின் பாழிடம் என்று பொருள். ரோமை எதிர்த்து பார் கோக்பா தலைமையில் யூதர்கள் நடத்திய கிளர்ச்சியில், கி.பி. 135இல் கடைசியாக விழுந்த கோட்டை, பெய்தார், இதுதான். ஊற்றுப் பக்கம் ரோமப் படையணிகள் இரண்டின் பேர் பொறித்த கல்லெழுத்தும் கிடைத்திருக்கிறது. யூத நினைவில் அது துக்கத்துக்குரிய இடம், அதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். பெய்தார் என்ற பேரை இத்தனை நூற்றாண்டு தாண்டி பத்தீர் என்று அழியாமல் கொண்டுவந்து சேர்த்தது அங்கே உழுதுகொண்டிருந்த அரபு நாக்குதான். பாழிடத்துக்கும் அது யாருடையது என்று மறைக்காமல் பேர் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1980களில் கட்டத் தொடங்கிய இஸ்ரேலியக் குடியிருப்புக்கு பெய்தார் இல்லித் என்று பழைய பேரை எடுத்து வைத்தார்கள். இன்று அது அறுபதாயிரத்துக்கு மேல் ஜனம் வாழும் நகரம், இஸ்ரேல் பிடியிலிருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் மிகப்பெரிய குடியேற்றங்களில் ஒன்று.

அடுத்தது ரயில். 1892இல் யாஃபா துறைமுகத்திலிருந்து ஜெருசலேமுக்கு 87 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். அப்போது அந்த மண்ணை ஆண்ட துருக்கிய உஸ்மானியப் பேரரசு அனுமதி, பிரெஞ்சு கம்பெனி முதலீடு. கடற்கரையிலிருந்து மலைக்கு ஏற வேண்டுமானால் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஏற முடியும்; நீராவி எஞ்சினுக்குத் தண்ணீரும் வேண்டும். பத்தீருக்குக் கீழே பள்ளத்தாக்கு, பத்தீரில் ஊற்று. ஆக ஜெருசலேமுக்கு முந்தைய கடைசி நிலையமாக பத்தீர் வந்தது. ஊர்ப் பெண்கள் காய்கறிக் கூடையோடு ரயிலேறி ஜெருசலேம் சந்தைக்குப் போய் விற்றுவிட்டு வந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்குப் பேரே வாதி அஸ்-ஸிக்கா, ரயில் பள்ளத்தாக்கு.

1948 வருகிறது, இஸ்ரேல் உருவாகிப் போர் மூண்ட வருடம். ஏப்ரல் 9 அன்று ஜெருசலேமை ஒட்டிய தெய்ர் யாசின் என்ற அரபுக் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்கள் படுகொலை நடத்திய செய்தி பரவியதும் சுற்று ஊர்களெல்லாம் கிலி பிடித்துக் காலியாகின்றன. பத்தீரிலும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஹசன் முஸ்தபா என்ற படித்த மனிதரோடு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் போகவில்லை. ஊரில் இன்றும் சொல்லும் கதை இது: அந்தக் கொஞ்சப் பேரும் ஆளில்லாத வீடுகளில் ராத்திரி விளக்கேற்றி வைப்பார்களாம், பகலில் கொடியில் துணி காயப்போடுவார்களாம், சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி உருவம் செய்து காவலுக்கு நிறுத்துவார்களாம். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறமிருந்து பார்க்கிறவனுக்கு ஊர் நிறைய ஆள் இருக்கிற மாதிரி தெரிய வேண்டும். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் ஊர் நின்றது என்பது கதை இல்லை.

1949 ஏப்ரல் 3இல் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்தானும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இஸ்ரேலுக்கு அந்த ரயில்பாதை முழுதாக வேண்டும். பாதையோ பத்தீர் நிலத்தின் ஊடாகப் போகிறது. எனவே ஒரு விசித்திர ஏற்பாடு. போர்நிறுத்த எல்லைக்கோடு ரயில்பாதையை இஸ்ரேலுக்கு விட்டுவிட்டு ஊர்ப் பக்கமாகப் போகும். பத்தீர் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இஸ்ரேல் பக்கம் மாட்டிக்கொள்ளும். ஆனாலும் ஊர்க்காரர்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த் தங்கள் நிலத்தில் பயிர் செய்யலாம், பதிலுக்கு ரயிலுக்கு எந்தச் சேதமும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை இன்றுவரை காப்பாற்றியதாக ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். போய்விட்ட ஜனமும் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எனக்கு எரிச்சலூட்டும். பத்தீரைப் பற்றி எழுதுகிற பலரும் "பார்த்தீர்களா, சமயோசிதமாக நடந்துகொண்டார்கள், ஊரைக் காப்பாற்றிக்கொண்டார்கள், மற்றவர்களும் இப்படி இருந்திருந்தால்" என்று ஒரு நீதிக்கதை போல முடிப்பார்கள். அப்படியானால் மற்ற ஊர்க்காரர்கள் என்ன முட்டாள்களா? பத்தீருக்கு அக்கம்பக்கம் இருந்த வலஜா, கபூ, ராஸ் அபு அம்மார் எல்லாம் 1948 அக்டோபரில் காலியாக்கப்பட்ட ஊர்கள். அவர்களுக்கும் ஊற்று இருந்தது, கற்கட்டு இருந்தது, கத்தரி விளைந்தது. வலஜாக்காரர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் எஞ்சிய தங்கள் நிலத்தில் புதிதாக ஒரு வலஜாவைக் கட்டிக்கொண்டார்கள், பழைய ஊர் எதிர்ச்சரிவில் இல்லாமல் போனது. ஹசன் முஸ்தபாவின் மதிநுட்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் கையில் பேரம் பேச ஒரு ரயில் இருந்தது. மற்றவர்களுக்கு அது இல்லை.

1967 போரில் கோட்டின் இரண்டு பக்கமும் இஸ்ரேல் வசம் வந்தது. 1990களில் இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பின் பத்தீர் நிலத்தில் நாலில் மூன்று பங்கு சி பகுதி ஆனது. அங்கே இஸ்ரேலிய ராணுவ நிர்வாகம் அனுமதிக்காமல் ஒரு கொட்டகை போட முடியாது. அப்புறம் 2000களில் இஸ்ரேலின் தடுப்புச்சுவர்த் திட்டம். கம்பிவேலியும் ரோந்துப் பாதையுமாக அந்தப் பள்ளத்தாக்கு வழியே, சரியாகப் படிகளின் மேலேயே. ஊர்க்காரர்கள் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுற்றுச்சூழல் அமைப்பினர் சேர்ந்தார்கள். ஆச்சரியம், இஸ்ரேல் அரசின் இயற்கை மற்றும் பூங்கா ஆணையமே "இங்கே வேலி போட்டால் இந்த நிலம் திரும்பாது" என்று ஊர் பக்கம் நின்றது. அதைவிட ஆச்சரியம், பக்கத்துக் குடியேற்றக்காரர்களும் வேலி வேண்டாம் என்றார்கள். அவர்கள் காரணம் வேறு, வேலி போட்டால் தாங்கள் இஸ்ரேலிலிருந்து பிரிந்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிவிடுவோமோ என்ற பயம். 2014 ஜூனில் தோஹாவில் கூடிய யுனெஸ்கோ குழு, நிபுணர்கள் அவசர முறையில் பட்டியலில் சேர்க்க வேண்டாமென்று பரிந்துரைத்தும், வாக்கெடுப்பு நடத்தி "ஒலிவமும் திராட்சையும் விளையும் நிலம்" என்ற பேரில் பத்தீரை உலக மரபுச் சின்னமாக்கியது. அதே நாளில் ஆபத்திலுள்ள சின்னங்கள் பட்டியலிலும் சேர்த்தது. 2015 ஜனவரியில் நீதிமன்றத்தில் வேலி நிறுத்திவைக்கப்பட்டது. இதுவரை அங்கே வேலி இல்லை.

ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் இஸ்ரேலிய நிதியமைச்சர் ஸ்மோட்ரிச், நஹல் ஹெலெட்ஸ் என்ற புதிய குடியேற்றத்துக்குச் சுமார் 600 துனம் ஒதுக்கியதாக அறிவித்தார். ஒரு துனம் என்றால் ஆயிரம் சதுர மீட்டர், கால் ஏக்கர் கணக்கு. அந்த இடம் இதே மரபுச் சின்ன வட்டாரத்துக்குள்தான்.

நில விவகாரத்தில் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. 1858இல் உஸ்மானியர் கொண்டுவந்த நிலச் சட்டத்தில், தொடர்ந்து மூன்று வருடம் பயிர் செய்யாமல் போட்ட நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி. வரி வசூலுக்காக வந்த விதி. தனியார் நிலத்தை ராணுவத் தேவை என்று சொல்லிக் குடியேற்றத்துக்கு எடுப்பதை 1979இல் இஸ்ரேலிய நீதிமன்றம் ஒரு வழக்கில் தடுத்ததும், இந்தப் பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தார்கள். தரிசு என்று காட்டிவிட்டால் அரசு நிலம். அரசு நிலம் என்றால் குடியேற்றம் கட்டலாம். பேரரசு செத்து நூறு வருடம் ஆகிறது, அதன் விதி மட்டும் மேற்குக் கரையில் இன்னும் வேலை பார்க்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் அந்தக் கற்கட்டும் கத்தரிப் பாத்தியும் வேறு மாதிரி தெரியும். அங்கே பயிர் செய்வதுதான் பட்டா. சரிந்த கல்லை எடுத்து வைப்பது பட்டாவைப் புதுப்பிப்பது. அதனால்தான் ஒலிவத் தோப்புக்குப் போகும் மண்பாதையை மறித்து ஒரு இரும்புக் கேட் போட்டாலே போதும், யாரையும் அடிக்க வேண்டாம், துப்பாக்கி எடுக்க வேண்டாம், மூன்று வருடம் காத்திருந்தால் போதும். இந்தக் கேட் டிவியில் வராது. என் அலுவலக அண்ணனுக்கு அது தெரியாமல் போனதில் அவர் தப்பு என்ன?

ரயில் கதை பாக்கி. பழைய பாதை 1998இல் மூடப்பட்டு, சீரமைக்கப்பட்டு 2005இல் திரும்ப ஓடியது. 2018இல் பென் குரியன் விமான நிலையத்திலிருந்து ஜெருசலேமுக்கு வேறு வழியாக அதிவேகப் பாதை திறந்தார்கள், 2020இல் கொரோனா வந்தபோது பத்தீர் வழிப் பயணிகள் ரயில் நின்றுபோனது. எந்த ரயிலுக்காக 1949இல் அந்த ஊரை விட்டுவைத்தார்களோ அந்த ரயில்.

அண்ணனிடம் மறுநாள் போனில் அந்தச் சரிவின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் படியெல்லாம் கையாலயா கட்டினாங்க" என்றார். ஆமாம் என்றேன். "யார் மெயின்டெயின் பண்றது?" என்று கேட்டார்.