பாடினால் பிச்சையா?

சென்னை பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் போய் வருகிறவர்களுக்கு இவர்களைத் தெரிந்திருக்கும். இடுப்பில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கையில் மைக், தோளைப் பிடித்தபடி பின்னால் மனைவியோ நண்பரோ. பார்வையற்ற பாடகர்கள்.

சமீபத்தில் கோடம்பாக்கத்தில் ஏறிய ஒருவர் எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தார். சரணத்தில் மேலே போகிற இடத்தில் வண்டி பிரேக் போட்டது. ஆள் ஒரு பக்கம் சாய்ந்தார், சுருதி சாயவில்லை. கழுத்தில் தொங்கிய க்யூஆர் அட்டையை ஒரு பெண் ஸ்கேன் செய்ய, சட்டைப் பைக்குள்ளிருந்து ஃபோன் "பத்து ரூபாய்" என்றது. கொடுத்தது யார், எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாதே! பாட்டை நிறுத்தாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவுப்படி, ரயிலிலோ நிலையத்திலோ பிச்சை எடுக்கக் கூடாது. அனுமதியில்லாமல் பொருள் விற்கவும் கூடாது. ஆனால் விற்கிறவருக்கு ரயில்வே உரிமம் தரலாம் என்று அந்தப் பிரிவே வழி விடுகிறது. பாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆகப் பாடுகிறவர் சிக்கினால் பெரும்பாலும் பிச்சைக் கணக்கில்தான் சேர்வார். சமோசாவுக்கு இருக்கிற வழி சங்கீதத்துக்கு இல்லை.

இத்தனைக்கும் 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாற்றல் நகரங்களில் ஒன்றாகச் சென்னையைச் சேர்த்ததே இசைக்காகத்தான். மார்கழிக் கச்சேரி சீசன் வந்தால் சபா கேன்டீன் ரவா தோசை வரைக்கும் பதிவு போட்டுத் தள்ளுகிறோம்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து அலுத்து வருகிறவருக்குக் கண்ணை மூடி உட்கார உரிமை உண்டு. நெரிசலில் காதுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் அலறினால் எனக்கும் எரிச்சல்தான். லண்டன் பாதாள ரயிலிலும் பெட்டிக்குள் பாட அனுமதி இல்லை. ஆனால் அங்கே 2003 முதல் குரல் தேர்வு வைத்து உரிமம் தருகிறார்கள். நிலையத்துக்குள், ஜனங்கள் நடக்கிற வழியில், தரையில் அரைவட்டம் வரைந்து "இது உன் இடம்" என்று விட்டுவிடுகிறார்கள். விழுகிற காசு பாடுகிறவருக்கே. பாரிஸ் மெட்ரோ 1997லேயே இதைத் தொடங்கிவிட்டது.

இங்கேயும் செய்யலாம். கண் தெரியாதவர் ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கிற முப்பது விநாடிக்குள் இறங்கி, பிளாட்ஃபாரத்தில் தடவித் தடவி அடுத்த பெட்டியில் ஏறுகிற ஆபத்தாவது இல்லாமல் போகும். மாம்பலம் நடைமேம்பாலம், எழும்பூர், பூங்கா நிலையம் என்று கூட்டம் கடக்கிற இடங்களுக்கா பஞ்சம்? விளம்பரத்துக்கு விடுகிற சுவருக்குக் கீழே ஆறடி ஒதுக்கினால் போதும். குரல் தேர்வுக்கு நடுவர் வேண்டுமென்றால் தினமும் அந்த வண்டியில் போகிற எங்களைக் கூப்பிடுங்கள். யார் ஏறினால் ஹெட்போனைக் கழற்றுவோம் என்பது எங்களுக்குத் தெரியும்.