பெயின்டுக்கு அடியில் இருப்பதையும் சொல்லுங்கள்

1962 ஜாகுவார் ஈ-டைப் கன்வெர்டிபிள் (கூரையை மடிக்கக்கூடிய கார்) கைமாறி வந்த கதையை உங்கள் கட்டுரையில் அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பெயின்ட், லெதர், குரோம் என்று இவ்வளவு சொல்லிவிட்டு அடிப்பகுதியைத் தொடாமல் விட்டது எனக்கு வருத்தம்தான். நிலையான கூரை இல்லாத வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ (sill) என்ற பகுதிதான் பாடியை வளையாமல் தாங்குகிறது. துருப்பிடித்த சில்லை வெட்டி எடுக்கும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பாடி நடுவில் தொய்ந்து, கதவோர இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றுவிடும், அப்புறம் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் மறையாது.

உரிமையாளர் வரிசையோடு ஜாகுவாரின் பழைய தயாரிப்புப் பதிவுகளை வைத்திருக்கும் ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழையும் காட்டியிருக்கலாம். சேசிஸ், இன்ஜின், பாடி எண்கள், முதல் நிறம், தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய தேதி எல்லாம் அதில் இருக்கும். 3.8 லிட்டர் இன்ஜினோடு பிறந்த வண்டியில் 1964 கடைசியில் வந்த 4.2 உட்கார்ந்திருந்தால் பாவமில்லை, ஆனால் விற்கிறவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஓட்டை விழுந்த தரைத்தகட்டின் படத்தைக்கூட பத்திரமாக வைத்திருக்கும் உரிமையாளரைத்தான் நான் நம்புவேன். இந்த வண்டிக்கு அப்படிப் படங்கள் இருந்தால் தயவுசெய்து போடுங்கள்.