ரத்த ஓட்டம் போதாதாம்!

சரவாங்கி (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டுவாதம்) வருவதே மூட்டுக்கு ரத்த ஓட்டம் போதாததால்தான், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் பேசுகிற அந்த வீடியோவைப் பற்றி மறுபடி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதன் கீழே நான் போட்ட கமெண்டுக்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். "அம்மா கைக்கு எண்ணெய் தேய்க்கச் சோம்பல், அதான் அறிவியல் பேசுது இந்தப் பொண்ணு" என்று ஓர் அண்ணன். அதற்கு 48 லைக். சரி, பேசிவிடுவோம்.

சரவாங்கி வந்த மூட்டில் ரத்த ஓட்டம் குறைவதில்லை. கூடுகிறது. வேண்டாத அளவுக்குக் கூடுகிறது. வீங்கியிருக்கும் மணிக்கட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுடும். ரத்தம் போகாத இடம் எங்கேயாவது சுடுமா?

மூட்டின் உட்புறம் ஒரு சவ்வு இருக்கிறது. அதன் மேலடுக்கு சாதாரணமாக ஒன்றிரண்டு செல் கனம்தான். சரவாங்கியில் நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து குடியேறிவிடுகின்றன. அவற்றில் மேக்ரோஃபேஜ் என்று ஒரு ரகம். கிருமியை விழுங்க வேண்டியது, இங்கே டிஎன்எஃப் (வீக்கத்தைக் கிளப்புவது), விஈஜிஎஃப் என்று புரதங்களைச் சுரக்கிறது. பக்கத்து ரத்தக் குழாயிலிருந்து புதுக் கிளை முளைக்க வைப்பதுதான் விஈஜிஎஃப்பின் வேலையே. புதுக் குழாய் வழியாக இன்னும் எதிர்ப்பு செல்கள் வரும், அவை இன்னும் குழாய் கேட்கும். சவ்வு தடித்துப் படர்ந்து குருத்தெலும்பை அரிக்கும், எலும்பையும் அரிக்கும். இந்த நோய்க்குத்தான் அந்த வீடியோக்காரர் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள், ரத்த ஓட்டத்தைத் தூண்டுங்கள்" என்கிறார். எரிகிற நெருப்பில் எண்ணெய். பழமொழிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எண்ணெய்தான் விற்கிறார்.

இன்பாக்ஸில் ஒருவர் கேட்டார்: "அந்த மூட்டில் ஆக்ஸிஜன் குறைவு என்று ஆராய்ச்சியே சொல்கிறதே?" நல்ல கேள்வி. குறைவுதான். சவ்வு தடிக்கிற வேகத்துக்குக் குழாய்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. முளைப்பதும் கோணல்மாணலான, ஒழுகுகிற குழாய்கள். அந்தத் திணறலில் செல்கள் இன்னும் விஈஜிஎஃப் சுரக்கின்றன. குழாய் வளர வளர நோய்தான் வளர்கிறது. இதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது அய்யா.

தேய்க்காமலா சொல்கிறேன்? ஒன்றரை வருஷம் தேய்த்தேன் அண்ணே, நான்தான். ராத்திரி பத்து மணிக்கு வெந்நீர் ஒத்தடம், அப்புறம் காய்ச்சிய எண்ணெய். விரலை நீவும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருக்குடி" என்பாள். எனக்காகச் சொன்னது அது.

கடைசியில் மூட்டுவாத டாக்டரிடம் போனோம். ஸ்கேன் கருவியை மணிக்கட்டில் வைத்து ஒரு பட்டனைத் தட்டினார். சாம்பல் நிறத் திரையில் ஆரஞ்சும் சிவப்புமாகப் பொறிப்பொறியாக மின்னியது. "இவ்வளவும் ரத்த ஓட்டம்மா. இந்த இடத்துல இப்படித் தெரியவே கூடாது." ரத்தம் போகவில்லை என்றுதானே அத்தனை நாள் தேய்த்தேன்!

"ஆங்கில மருந்துக்காரர்களின் கைக்கூலி" என்பவர்களுக்கு: லண்டனில் 1992இல் மெய்னி, ஃபெல்ட்மன் என்ற இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்களின் குழு டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்தை முதன்முதலாகச் சரவாங்கி நோயாளிகளுக்குக் கொடுத்தது. வீக்கம் இறங்கியது, பிற்பாடு சோதித்தபோது ரத்தத்தில் விஈஜிஎஃப் அளவும் இறங்கியிருந்தது. அம்மாவுக்கு அந்த விலை மருந்தெல்லாம் இல்லை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட்தான், வாரம் ஒருநாள். பக்கவிளைவா? உண்டு. அதற்குத்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. விடுங்கள்.

எண்ணெயால் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. தேய்த்துக்கொண்டே போக்கிய ஒன்றரை வருஷம்தான் கெட்டது. இப்போது வீக்கம் இல்லை, சூடும் இல்லை. ஆனால் கோணிய மோதிர விரல் கோணியதுதான். மோதிரத்தை ஆசாரியிடம் போய் வெட்டித்தான் எடுத்தோம்.

எண்ணெய் பாட்டில் இன்னும் பாதி அலமாரியில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே, எனக்குத்தான் தேய்க்கச் சோம்பலாச்சே.