கடைசிப் படத்துக்கு ஒரு சட்டை

ஆறு வருடம் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போய் வந்தவன் நான். விடியற்காலை நாலரைக்கு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால்தான் ஏழு மணி ஷிப்டைப் பிடிக்க முடியும். முதல் தடவை போனபோது குடிநுழைவில் நிரப்பச் சொன்ன வெள்ளை அட்டையில், போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. படித்தேன், அப்போதே மறந்தும் போனேன். வேலை பெர்மிட் கிடைக்குமா, மோட்டார் தவணையைக் கட்ட முடியுமா என்பதுதான் அன்றைய கவலை.

நான் தினமும் கடந்த அந்த உட்லண்ட்ஸ் குடிநுழைவுச் சாவடியில்தான் 2009 ஏப்ரல் 22ஆம் தேதி நாகேந்திரன் தர்மலிங்கம் பிடிபட்டார். ஈப்போ பக்கத்துப் பையன். வயது இருபதை ஒட்டி இருக்கும். தொடையில் ஒரு பொட்டலம் கட்டியிருந்தது. அதில் 42.72 கிராம் ஹெராயின். உள்ளங்கையில் அள்ளினால் அடங்கிவிடும். சிங்கப்பூர் சட்டப்படி 15 கிராமைத் தாண்டினாலே தூக்கு. அன்றைய சட்டத்தில் நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. யார் கொடுத்தது, எதற்காகச் சுமந்தான், எப்படிப்பட்ட பிள்ளை என்று எதையும் கேட்டுத் தண்டனையைக் குறைக்க முடியாது. தராசு சொன்னதுதான் தீர்ப்பு.

ஒருவர் மிரட்டிச் செய்ய வைத்தார் என்று அவர் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. பின்னால் பரிசோதித்தபோது அவருடைய அறிவுத்திறன் அளவு (ஐ.கியூ.) 69தான் என்று தெரிந்தது. அப்போதும், செய்வது என்னவென்று தெரிந்தேதான் செய்தார் என்று முடிவாயிற்று. தெரிந்தே செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தே செய்த தப்புக்குச் சிறை இல்லையா?

இதைச் சொன்னால், போதைப் பொருளால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள். பார்த்திருக்கிறேன். என் சின்னம்மா மகன் பொடிக்கு அடிமையாகித்தான் செத்தான். வீட்டில் கேஸ் சிலிண்டர் வரை தூக்கிக்கொண்டு போய் விற்றான். சின்னம்மா கடைசி நாலு வருடம் கைப்பையைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்கினார். இருபத்தொன்பது வயதில் ஒரு காப்பிக்கடைக் கழிப்பறையில் கிடந்தான். அடக்கம் முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்த சின்னம்மா, "விக்கிறவன தூக்குல போட்டாத்தான்டா புத்தி வரும்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. இன்றைக்கும் அவரிடம் பேச மாட்டேன். அவர் வயிறு எரிந்தது நியாயம்.

ஆனால் சின்னம்மா சொன்ன அந்த 'விக்கிறவன்' வேறு ஆள். அவன் பொட்டலத்தைத் தொடையில் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடக்க மாட்டான். அதற்கு ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரர்களிடம் கடன் வாங்கி மாட்டிக்கொண்ட ஒருத்தனைத் தேடிப் பிடிப்பான். வாரம் தவறினால் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவார்கள் என்ற பயத்தில் இருப்பவன் கண்ணில் குடிநுழைவு அட்டையின் சிவப்பு எழுத்து படுமா? அந்த வரிசையில் ஆறு வருடம் நின்றவன் சொல்கிறேன், படாது. தூக்குக் கயிறு இருப்பதால்தான் எத்தனையோ உயிர் பிழைக்கிறது என்பது சிங்கப்பூர் அரசின் வாதம். அனுப்பியவன் கழுத்து வரை அந்தக் கயிறு நீளுவதில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

2013இல் சட்டம் கொஞ்சம் மாறியது. பொருளைச் சுமந்ததைத் தவிர வேறு பங்கு இல்லை என்று நிரூபித்து, அதோடு கடத்தலை ஒடுக்க உருப்படியாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழும் கொடுத்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரக்கம் போலத்தான் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள். காட்டிக்கொடுக்க விஷயம் வைத்திருப்பவன் யார்? கூட்டத்தில் உள்ளே இருப்பவன். கடைக்கோடியில் சுமந்து வருகிறவனுக்கு ஒரு பட்டப்பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும்தான் தெரியும். எவ்வளவு குறைவாகத் தெரியுமோ அவ்வளவு சீக்கிரம் சாவு. இந்தக் கணக்கை நியாயம் என்று யாராவது எனக்குப் புரியவைக்க முடியுமா?

நாகேந்திரனுக்கு 2021 நவம்பர் 10 என்று தேதி குறித்தார்கள். இரண்டு வாரம் முன்பு அம்மாவுக்குக் கடிதம் வந்தது. மகனை இந்தத் தேதியில் தூக்கிலிடப் போகிறோம், பார்க்க வருவதானால் கோவிட் விதிப்படி இன்னின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று. முந்தின நாள் நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தபோது அவருக்கே கோவிட் என்று தெரிந்தது. நோயோடு இருப்பவரைத் தூக்கிலிட முடியாது, மனிதாபிமானம் வேண்டும் என்று நீதிபதிகள் நிறுத்திவைத்தார்கள். அந்த வார்த்தை நீதிமன்றத்துக்குள் வந்தே விட்டது. காய்ச்சலுக்காக வந்த மனிதாபிமானம் கழுத்துக்காக வரவில்லை.

2022 ஏப்ரல் 26. அம்மாவின் கடைசி மனுவும் தள்ளுபடி. குடும்பத்தார் கையைப் பிடிக்க அனுமதி கேட்டார் நாகேந்திரன். கண்ணாடித் தடுப்பில் இருந்த இடைவெளி வழியாகக் கையை நீட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "மா" என்று அவர் அழுதது அறைக்கு வெளியே வரை கேட்டதாம். அந்தச் செய்தியை நான் இரவு சாப்பாட்டு மேசையில் கைப்பேசியில் படித்தேன். பக்கத்து அறையிலிருந்து என் மகன் "மா, தண்ணி" என்று கூப்பிட்டான். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். மறுநாள் விடியலில் நாகேந்திரனைத் தூக்கிலிட்டார்கள். அந்த வருடம் மட்டும் சிங்கப்பூரில் 11 பேர். அத்தனையும் போதைப்பொருள் வழக்குகள்.

மலேசியாவில் நாமும் இப்படித்தான் இருந்தோம், மறக்க வேண்டாம். 2018இல் தூக்கை நிறுத்திவைத்தோம். 2023இல் கட்டாய மரண தண்டனையைச் சட்டத்திலிருந்தே எடுத்தோம். தூக்கு வரிசையில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனையை மறுஆய்வு செய்ய வழி பிறந்தது. அதனால் நாடு மூழ்கிவிடவில்லை.

அப்புறம் பன்னீர் செல்வம் பிரந்தாமன். 2014இல் அதே உட்லண்ட்ஸ் சாவடியில் பிடிபட்டவர். சுமந்து வந்தவர் மட்டும்தான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. சான்றிதழ்தான் கிடைக்கவில்லை. 2019 மே மாதம் தேதி குறித்து, முந்தின நாள் நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் மறுபடி தேதி, மறுபடி முந்தின நாள் நிறுத்தம். மூன்றாவது தடவை நிற்கவில்லை. அக்டோபர் 8. ஒரு பிள்ளையைப் பறிகொடுக்க ஒரு குடும்பத்தை மூன்று தடவை தயாராக்கினார்கள்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்த வாரக் கடைசியில் மகனைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். சட்டையை அவன் முதுகில் வைத்து அளந்து பார்த்த கடைக்கார அக்கா, "வளர்ற பிள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடுங்க அண்ணே" என்றார்.

தூக்குக்கு முந்தைய நாள்களில் சாங்கி சிறையில் கைதியைப் படம் எடுத்துக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். அந்தப் படத்துக்கு நல்ல துணி வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். இப்படி ஒரு கடையில்தான் அவர்களும் போய் நின்றிருப்பார்கள். சந்திப்பெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். வருடக்கணக்கில் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு, கடைக்காரர் சைஸ் கேட்டால் அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார்?