புவியியல் துறைச் செய்தியில் ஓர் எண்ணாவது இருக்கட்டும்

பள்ளிகளில் புவியியல் துறை வெளியிடும் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்ப்பு பழகிப்போயிருக்கும். ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் மாணவர்கள், பின்னால் பதாகை, கீழே "களப்பயணம் இனிதே நடைபெற்றது" என்று ஒரு வரி. அடுத்த மாதம் வினாடி வினாப் பரிசு. அதற்கும் அடுத்து புவி நாள் சுவரொட்டி. எங்கே போனார்கள், யார் தலைமை தாங்கினார்கள் என்பதெல்லாம் தவறாமல் இருக்கும். என்ன அளந்தார்கள், என்ன விடை வந்தது என்பது மட்டும் இருக்காது.

இது எனக்கு உறுத்துகிறது. கதவைத் திறந்து வெளியே வந்தாலே ஆய்வுக்கூடம் கிடைக்கிற பாடம் இது. மழை, வெயில், சரிவு, போக்குவரத்து எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட துறையின் செய்தியில் ஓர் அளவுகூட இல்லையென்றால், அன்றைக்கு நடந்தது சுற்றுலா. சுற்றுலாவும் நல்லதுதான், அதைக் களஆய்வு என்று சொல்லாதவரை.

ஆற்றையே எடுத்துக்கொள்வோம், எல்லாத் துறைகளும் முதலில் போவது அங்கேதான். நீரோட்டத்தின் அளவைக் கண்டுபிடிக்க மூன்று எண் போதும்: அகலம், சராசரி ஆழம், வேகம். மூன்றையும் பெருக்கினால் ஒரு விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடுகிறது என்று வந்துவிடும். அகலம் 3.2 மீட்டர், சராசரி ஆழம் 0.25 மீட்டர், வேகம் விநாடிக்கு 0.425 மீட்டர் என்றால் விநாடிக்கு 0.34 கன மீட்டர், அதாவது 340 லிட்டர். கணக்கு எளிது. ஆனால் மூன்று எண்ணிலும் தவறு புகுவதற்கு வழி இருக்கிறது.

ஆழத்தில் நடப்பது இது. அகலத்தைப் பத்துச் சம பாகமாகப் பிரித்தால் நடுவில் ஒன்பது இடங்களில் ஆழம் கிடைக்கும். ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் வகுத்துவிடுவார்கள். கரையோரம் இரண்டிலும் ஆழம் பூஜ்யம், அது கணக்கிலேயே வரவில்லை. பாகங்கள் பத்து என்பதால் பத்தால் வகுக்க வேண்டும். ஒன்பதால் வகுத்தால் ஆழம் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுதலாக வரும், நீரோட்டமும் அதே அளவுக்குக் கூடும். அளவுகோலின் அகலப் பக்கத்தை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தால் நீர் முட்டி மேலேறும், அதனால் ஒல்லியான விளிம்பை எதிர்முகமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அடியில் சேறு இருந்தால் கோல் உள்ளே இறங்கும், அழுத்தக் கூடாது.

வேகத்துக்கு 10 மீட்டர் தூரம் குறித்து ஒரு மிதவையை விட்டு நேரம் பார்ப்பார்கள். மேசைப்பந்துப் பந்து வேண்டாம். அது நீரின் மேலேயே நின்று காற்றோடு போகும், நீங்கள் அளப்பது ஆற்றையா காற்றையா என்று தெரியாது. தோல் உரிக்காத ஆரஞ்சுப் பழம் பெரும்பகுதி மூழ்கி மிதக்கும், அதுதான் வசதி. தொடக்கக் கோட்டுக்குச் சற்று மேலேயே விட்டுவிட வேண்டும், கோட்டைத் தொடும்போது ஆற்றின் வேகத்தை அது எட்டியிருக்கும். நடுவில் மட்டும் விட்டால் வேகமான பகுதிதான் கிடைக்கும், ஆகவே இடது, நடு, வலது என்று மாற்றி விட வேண்டும். மேற்பரப்பு நீர் அடியில் ஓடுவதைவிட வேகமாகப் போவதால், கிடைத்த சராசரியை 0.85ஆல் பெருக்குவது வழக்கம். 10 மீட்டரை 20 விநாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் 0.5, திருத்திய வேகம் 0.425. மேலே போட்ட கணக்கில் இருப்பது அந்த எண்தான். இதையெல்லாம் முழங்காலுக்கு மேல் நீர் இருக்கும் இடத்தில் செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவும் எதற்கு? மலைச்சரிவில் சத்தத்தோடு பாயும் ஓடைதான் வேகமானது, கீழே சமவெளியில் ஆறு மந்தமாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அமெரிக்க நீரியல் ஆய்வாளர்கள் லூனா லியோபோல்டும் தாமஸ் மேடாக்கும் 1953இல் ஆற்று அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கீழே போகப் போகச் சராசரி வேகம் குறையவில்லை, பெரும்பாலும் சற்றுக் கூடவே செய்தது. மேல்பகுதியில் பாறையும் கல்லும் உராய்ந்து நீரின் ஆற்றலைத் தின்றுவிடுகின்றன. கீழே ஆறு ஆழமாகிறது, உராய்வுக்கு உள்ளாகும் பங்கு குறைகிறது. ஒரு பள்ளி தன் ஆற்றில் மேலிருந்து கீழாகப் பத்து இடங்களில் அளந்து, "எங்கள் ஆற்றில் இப்படித்தான் இருக்கிறது" அல்லது "எங்கள் ஆற்றில் இப்படி இல்லை, காரணம் தடுப்பணை" என்று எழுதினால் அது செய்தி. நானும் நின்று படிப்பேன்.

பத்து இடம் என்று சும்மா சொல்லவில்லை. தூரம் கூடக் கூட வேகம் கூடுகிறதா என்பதை ஸ்பியர்மன் தர ஒட்டுறவால் சோதிப்பார்கள். இரண்டு அளவுகளின் தரவரிசை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை -1 முதல் 1 வரையான ஒரு கெழுவாக (எண்ணாக) அது சொல்லும். பத்து இணை அளவுகள் இருந்தால் கெழு 0.648ஐத் தொட்டால் போதும், இருமுனைச் சோதனையில் (கூடுவது, குறைவது இரண்டையும் பார்ப்பது) உறவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஐந்தே இடம் என்றால் கெழு சரியாக 1 வந்தால்தான் செல்லும். ஐந்து இடத்தில் அளந்துவிட்டு 0.8 வந்ததே என்று மகிழ்வதில் பொருளில்லை. பேருந்து கிளம்பிய பிறகு இதை யோசித்துப் பயனில்லை, முந்தின வாரமே முடிவாக வேண்டும்.

பேருந்துக்கு வழியில்லாத துறைகளே அதிகம். அவர்களுக்கு வளாகத்தில் வேலை நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் ஆண்டுக்கு ஒரு பெரிய பயணத்தைவிட நாள்தோறும் இரண்டு நிமிடம் எடுக்கும் ஓர் அளவே மேல் என்பது என் கருத்து.

மழைமானி ஒன்று போதும். புனலும் புட்டியும் இருந்தால் கையாலேயே செய்யலாம். அதில் அநேகமாக எல்லோரும் செய்யும் பிழை, புட்டியில் நின்ற நீரின் உயரத்தை அளவுகோல் வைத்துப் பார்த்து அதையே மழையளவு என்று எழுதுவது. மழையைப் பிடித்தது புனலின் வாய், புட்டியின் வயிறு அல்ல. வாயின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ., ஆகவே ஒரு மி.மீ. மழைக்கு 7.85 மி.லி. நீர் சேரும். 100 மி.லி. சேர்ந்திருந்தால் மழை 12.7 மி.மீ. அதே நீர் 7 செ.மீ. விட்டமுள்ள புட்டியில் 26 மி.மீ. உயரத்துக்கு நிற்கும். பெய்த மழை ஏட்டில் இருமடங்காகிவிடும்.

மானியின் வாய் தரையிலிருந்து ஒரு 30 செ.மீ. உயரத்தில், சாயாமல் இருக்கட்டும். அதற்கும் கீழே வைத்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் துளியும் உள்ளே விழும். மரமோ சுவரோ அதன் உயரத்தைப் போல் குறைந்தது இருமடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் கிடைப்பது வெள்ளிக்கிழமை காலைக்குப் பிறகு பெய்த மூன்று நாள் மழை. அதைத் திங்கட்கிழமைக் கட்டத்தில் எழுதினால், வார இறுதி வறண்டும் திங்கள் வெள்ளமாகவும் இருக்கும் விசித்திரமான ஊர் ஒன்று உருவாகிவிடும். மூன்று நாள் மொத்தம் என்று குறிப்பிட்டே எழுத வேண்டும். அதைவிட மோசம், பார்க்கத் தவறிய நாளில் 0 போடுவது. 0 என்றால் மழை இல்லை என்று பொருள். பார்க்கவில்லை என்றால் கோடு போடுங்கள்.

வெப்பமானியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினால் அது சுவரின் வெப்பத்தைத்தான் சொல்லும். ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1864இல் வடிவமைத்த வெள்ளைப் பெட்டியின் முழு நோக்கமும் இதுதான்: காற்று உள்ளே போய்வர வேண்டும், வெயில் படக் கூடாது. உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டருக்குள். கதவு வடகோளத்தில் வடக்கு பார்த்து, தென்கோளத்தில் தெற்கு பார்த்து. சிமெண்டுத் தளத்தின் மேல் வைக்காமல் புல்தரையில் வைப்பது நல்லது. ஈரப்பதம் காண, சாதாரண வெப்பமானியோடு, குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானி ஒன்றையும் வைத்து இரண்டின் வேறுபாட்டைப் பார்ப்பார்கள். அந்தத் துணி காய்ந்துபோனால் இரண்டு வெப்பமானியும் ஒரே அளவைக் காட்டும், அட்டவணையைப் பார்த்தால் ஈரப்பதம் 100 விழுக்காடு என்று வரும். வெயில் கொளுத்தும் நாளில் ஏட்டில் 100 இருந்தால் வானிலையைப் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள்.

செலவே இல்லாத இன்னொன்று நிழல். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமஇரவு நாளில் 1 மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டு, உச்சிப்பொழுதின் நிழலை அளந்தால், நிழலைக் குச்சியின் நீளத்தால் வகுத்துக் கிடைக்கும் டேன் மதிப்பின் கோணம்தான் உங்கள் அட்சரேகை. நிழல் 58 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 30 பாகை. கடிகாரத்தில் 12 அடிக்கும்போது அளந்தால் தவறிவிடும். ஒவ்வொரு பாகைத் தீர்க்கரேகைக்கும் நான்கு நிமிட வேறுபாடு உண்டு, கடிகாரமோ ஒரு நேர மண்டலம் முழுவதற்கும் பொதுவானது. ஒரு மணி நேரம் ஐந்து ஐந்து நிமிடத்துக்கு நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டே வந்தால் மிகக் குறுகிய நிழல் எது என்று தானாகத் தெரியும். அந்த நிழல் விழும் திசை உண்மையான வடக்கு-தெற்கு, காந்த ஊசி அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

இதையே தொலைவிலுள்ள இன்னொரு பள்ளியோடு சேர்ந்து செய்தால் பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்ததைப் போலப் பூமியின் சுற்றளவு கிடைக்கும்: வடக்கு-தெற்குத் தொலைவை 360ஆல் பெருக்கி, இரு கோணங்களின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். பங்காளிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். 30 பாகை அட்சரேகை வாக்கில் நிழலில் 1 செ.மீ. பிசகினால் அட்சரேகையில் 48 கி.மீ. பிசகும். 300 கி.மீ. தொலைவில் கோண வேறுபாடு வெறும் 2.7 பாகை, அதில் அரைப் பாகை தவறினால் சுற்றளவே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆட்டம் காணும். 1,500 கி.மீ. என்றால் வேறுபாடு 13.5 பாகை, அதே தவறு நான்கு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். பக்கத்துப் பள்ளி வேண்டாம், தொலைவில் தேடுங்கள்.

வகுப்பறைக்குள் நடக்கும் வரைபட வேலையிலும் செய்தி உண்டு, ஆனால் அங்கே ஒரு நகல் இயந்திரம் நிறையக் கெடுக்கிறது. 1:50,000 வரைபடத்தை ஏ4இலிருந்து ஏ3க்குப் பெரிதாக்கினால் 2 செ.மீ. இருந்த கிலோமீட்டர் 2.83 செ.மீ. ஆகிவிடும். தாளில் அச்சாகியிருக்கும் 1:50,000 அப்போது பொய். கிலோமீட்டரைக் கோடாக வரைந்து காட்டும் கோட்டு அளவை மட்டும் படத்தோடு சேர்ந்து பெரிதாவதால் அது பொய் சொல்லாது, அதை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். குறுக்குவெட்டு வரைந்து காட்சிக்கு வைக்கும்போது செங்குத்து மிகைப்பையும், அதாவது கிடைத் தூரத்தைவிட உயரத்தை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டியிருக்கிறோம் என்பதையும், எழுதிவிட வேண்டும். கிடையாக 1:50,000, செங்குத்தாக 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்றால் ஐந்து மடங்கு மிகை. அது எழுதாத படத்தில் சாதாரணக் குன்றுகூட ஏறவே முடியாத சிகரமாகத் தெரியும்.

கணினிக்குப் போனால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், எல்லா வேலைக்கும் போதும். கைப்பேசியில் குறித்த இடங்களை அதில் ஏற்றும்போது புள்ளிகள் கடலுக்குள் போய் விழுந்தால் பதற வேண்டாம். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகிய நாக்கு இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தப்பும் பிழை வேறு: 10 பாகை 30 கலையை (60 கலை ஒரு பாகை) 10.30 என்று எழுதுவது. சரியானது 10.5. வித்தியாசம் 0.2 பாகை, அட்சரேகையில் 22 கி.மீ. புள்ளி நிலத்திலேயே விழுவதால் யாரும் கவனிப்பதில்லை.

வாகனக் கணக்கெடுப்பில் ஒன்று மட்டும்: ஒரே குழு ஐந்து சந்திப்புகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து போய் எண்ணினால், இடத்தின் வேறுபாடா நேரத்தின் வேறுபாடா என்று பிரிக்க முடியாது. ஐந்து குழு, ஒரே பத்து நிமிடம். கேள்வித்தாளில் 10–20, 20–30 என்று வயதைப் பிரித்தால் 20 வயதுக்காரர் எங்கே போவார் என்பதையும் அச்சுக்கு முன் பார்த்துவிடுங்கள்.

பாடத்திட்டம் முடிய வேண்டும், தேர்வு இருக்கிறது, இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். ஆற்றுக்கு அது பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். மழைமானிக்குப் பொருந்தாது. பெற்றோர் விரும்புவது குழுப் படத்தைத்தான் என்பதும் உண்மை. படத்தை நீக்கச் சொல்லவில்லை. படத்தின் கீழே மூன்று வரி: எந்தக் கேள்வி, எத்தனை அளவு, என்ன விடை. முடிந்தால் நான்காவதாக எங்கே பிசகியது என்று ஒரு வரி. அளந்த மாணவர்களே எழுதட்டும், ஆசிரியர் எண்களை மட்டும் சரிபார்த்தால் போதும். அளவுகள் ஒரு விரிதாளில் தேதி, நேரம், இடம், அளவு, அலகு, அளந்தவர் என்று ஆறு பத்தியாக இருக்க வேண்டும். அலகை எழுதாமல் விட்ட ஏடு அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு உதவாது. அந்த வகுப்பு இரண்டு ஆண்டு மழையை ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட்டால், துறையின் அடுத்த செய்தி அதிலிருந்தே வந்துவிடும்.