முறத்துக்குள்ள வாட்டர் போலோ

(கொடைக்கானல் பக்கம், பூம்பாறை. அடுப்படியில் அப்பத்தா செவப்புக் கம்பளிக் குல்லாவோடு மலைப்பூண்டு உரிக்கிறார். பேத்தி கையில் போன்.)

பேத்தி: அப்பத்தா, ஸ்கூல்ல வாட்டர் போலோ டீம்ல சேந்துட்டேன்.

அப்பத்தா: போலியோவா? அதான் சின்னதுலயே சொட்டு மருந்து ஊத்தியாச்சே!

பேத்தி: போலோ! நீச்சல் குளத்துல பந்தாட்டம். இந்த முறந்தான் குளம். ஆறு பூண்டு எங்க டீம், வெள்ளைத் தொப்பி. ஆறு வெங்காயம் எதிர் டீம், நீலத் தொப்பி. டீமுக்கொரு வரமிளகா, அதான் கோல் காக்குற கோலி. ரெண்டு கோலிக்கும் செவப்புத் தொப்பிதான்.

அப்பத்தா: கொழம்புக்குக் கூட்டியாச்சு. தண்ணி ஐஸா இருக்குமே?

பேத்தி: 26 டிகிரி இருக்கணும்னு விதி.

அப்பத்தா: இங்க வெயிலே அம்புட்டு அடிக்காதேடி. ஆழம்?

பேத்தி: 1.8 மீட்டராச்சும் வேணும். தரையில கால் ஊனக் கூடாது. எட்டெட்டு நிமிஷமா நாலு குவார்ட்டர், சின்னப் புள்ளைகளுக்குக் கொறைப்பாங்க.

அப்பத்தா: அதுவரைக்கும் எப்பிடி மெதப்ப?

பேத்தி: நாக்காலியில உக்காந்தாப்புல முட்டியை மடக்கி, வலது காலை இடஞ்சுழியா, இடது காலை வலஞ்சுழியா மாத்தி மாத்திச் சுத்தணும். ரெண்டையும் சேத்து ஒதைச்சா மேல வந்து பொசுக்குன்னு உள்ள போயிருவோம். மாத்திச் சுத்துனா எந்நேரமும் ஒரு கால் தண்ணியை அமுக்கிக்கிட்டே இருக்கும்.

அப்பத்தா: அங்க ரெண்டு ஆட்டுக்கல்லு. இங்க ஒண்ணை ஆட்டச் சொன்னா இடுப்பு வலி!

பேத்தி: பந்தை ஒத்தக் கையாலதான் தொடணும். கோலி மட்டும் ஆறு மீட்டர் கோட்டுக்குள்ள ரெண்டு கையும் போடலாம்.

அப்பத்தா: எவளாச்சும் உன்னைய முக்கிப்புட்டா?

பேத்தி: அதுலதான் சூட்சுமமே. பந்து என் கையில இருந்தா பிடிக்கலாம், முக்கலாம், பறிக்கலாம். பந்தை விட்டுட்டா, அப்புறம் தடுத்தாலே ஃபவுல். அதனால மேல விழ வந்தா டக்குன்னு பந்தை விட்டுரணும். அவ வந்த வேகத்துல மோதுவா, நமக்கு ஃப்ரீ த்ரோ. பயந்துபோயி இறுக்கிப் பிடிச்சோம்னு வையி, அவ நம்ம கையை அமுக்குவா, பந்து தண்ணிக்குள்ள போயிரும், ஃபவுல் நம்ம மேல.

அப்பத்தா: அமுக்குனவ அவ, குத்தம் உனக்கா? நல்ல பஞ்சாயத்து!

பேத்தி: பந்து இல்லாதவளை இழுத்து முக்குனாலோ, வேணும்னே மூஞ்சியில தண்ணி அடிச்சாலோ, கொஞ்ச நேரம் மூலையில கெடக்கணும். அப்பிடி மூணு ஆச்சுன்னா அன்னைக்கு ஆட்டமே கெடையாது.

அப்பத்தா: சரி, தலைக்கு நல்லா எண்ணெய் வச்சு அனுப்புறேன்.

பேத்தி: ஐயோ, எண்ணெய் ஆகவே ஆகாது, பிடி வழுக்கும். நகத்தைக்கூட நடுவர் சோதிச்சுத்தான் எறக்குவாரு.

அப்பத்தா: என்னையப் பொண்ணு பாக்க வந்தவுகளே நகம் வரைக்கும் போகலையே! அந்தப் போனைக் குடு, பூண்டை உரி.

(கையை நீட்டுகிறார். பேத்தி போனை மடியில் நழுவ விடுகிறாள்.)

பேத்தி: விட்டுட்டேன்! இப்பத் தொட்டா ஃபவுல்!

அப்பத்தா: ஏன்டி, என் தலையில என்ன இருக்கு?

பேத்தி: குல்லா... செவப்புக் குல்லா...

(அப்பத்தா ரெண்டு கையாலயும் போனை அள்ளி, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைக்கிறார்.)